திறக்காத பேச்சு

புதன்கிழமை பின்னேரம் நாலேகால் மணிக்குக் கரண்ட் போனது. கௌசலாவுக்கு நேரம் மறக்கவில்லை. கஞ்சியின் கடைசி நாலு கரண்டியை எப்படி இறக்குவது என்று யோசித்தபடி அப்போதுதான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்திருந்தாள். அரைக் கோப்பைக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் போயிருந்தது. இரண்டு தரம் புரையேறி யோகலிங்கத்தின் முகம் கறுத்துப்போய், அவள் அவரை முன்னுக்குச் சாய்த்து முதுகில் தட்டி, வாயைத் துடைத்து, மறுபடியும் தலையணைகளுக்கு நடுவே நிமிர்த்தி இருத்தியிருந்தாள். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. கண்ணைக் கொம்பியூட்டர்ப் பக்கம் திருப்பினார்.

ஏதோ சொல்லப் போகிறார். அவள் கோப்பையை வைத்துவிட்டு மேசையை அருகே இழுத்து, மெனுவில் 'பேச்சு' என்ற படத்தை அமத்தித் திறந்து, கறுப்புப் பொத்தானை அவருடைய இடது கைப் பெருவிரலுக்குக் கீழே வைத்தாள். உடம்பில் அவர் சொல் கேட்கும் மிச்சம் அந்த விரலும் கண்ணும்தான். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கி வரும். வேண்டிய வரிசையில் வந்ததும் அவர் விரலால் அமத்த வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு எழுத்தாக நகரும். மறுபடி அமத்த வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று நிமிசம் பிடிக்கும்.

'குழாய்' என்று எழுதினார். பிறகு ஓர் இடைவெளி. பிறகு 'வே'.

அந்த இடத்தில்தான் கரண்ட் போனது. திரை கறுத்தது. விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. யோகலிங்கத்தின் விரல் மட்டும் இன்னும் இரண்டு தரம் பொத்தானை அமத்தியது.

*

யோகலிங்கத்தின் தகப்பன் வவுனிக்குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் இருந்து வந்தவர். துணுக்காய்க்கு இந்தப் பக்கம், வாய்க்காலோடு ஒட்டிய மூன்று ஏக்கர் வயல். சண்டையில் விட்டு ஓடி, திரும்பி வந்து, பற்றை வெட்டி, கண்ணிவெடி எடுத்தவர்கள் நாட்டிய கம்பிகளுக்கு உள்ளே நின்று மறுபடி வரம்பு கட்டியது யோகலிங்கமும் கௌசலாவும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கமக்காரர் அமைப்பில் பதினொரு வருசம் தண்ணீர் முறை பிரித்துக் கொடுத்தவர் அவர். ஆருக்கு எந்த நேரம் மடை திறப்பது என்பதில் அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது.

நாலு வருசத்துக்கு முன் சிறுபோக அரிவு வெட்டு நேரத்தில் அவருடைய வலது கையில் இருந்து மண்வெட்டி நழுவி விழுந்தது. களைப்பு என்றார்கள். பிறகு செருப்பு காலில் நிற்க மறுத்தது. பிறகு நாக்குத் தடித்தது. தசையை ஆட்டுகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற வருத்தம் இது, மருந்து இல்லை, ஆனால் மூளைக்கு ஒன்றும் நடக்காது, கடைசி மட்டும் எல்லாம் விளங்கும் என்று டொக்டர் சொன்னார்.

பேச்சுக் குழறத் தொடங்கிய காலத்தில்தான் மஸாஹிர் வந்தான். மாங்குளத்தில் போனும் கொம்பியூட்டரும் திருத்துகிற கடை வைத்திருப்பவன். முப்பத்தைந்து வயது இருக்கும். முல்லைத்தீவில் இருந்து இடம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பம். புத்தளத்தில் வளர்ந்து திரும்பி வந்தவன். அவனுடைய தகப்பனின் வயலும் இதே வாய்க்காலில்தான் குத்தகைக்கு ஓடியது. ஒரு பழைய கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "விண்டோஸ் போட்டா இதுக்கு மூச்சு வாங்கும் அண்ணன். லினக்ஸ் போட்டிருக்கிறன். காசு கேக்காது, களைக்கவும் மாட்டாது" என்று சொல்லி வைத்தான். பேச முடியாதவர்களுக்கென்று ஆரோ எழுதி இலவசமாக விட்டிருந்த புறோகிராம் ஒன்றைப் பிடித்துத் தமிழ் எழுத்துப் போட்டுத் திருத்தினான். பிறகு மூன்று நாள் வந்திருந்து, யன்னலைச் சாத்தி, கோழிகளைத் துரத்தி, யோகலிங்கத்தின் குரலில் முந்நூற்றுப் பதினாறு சொற்களைப் பதிந்தான். ஓம். இல்லை. வேணும். வேண்டாம். தண்ணி. முதுகு. திருப்பு. நோகுது. லைட்டை நிப்பாட்டு. கௌசலா. பதிந்த சொல்லை எழுதினால் அவருடைய சொந்தக் குரல் பேசும். பதியாத சொல் என்றால் இயந்திரக் குரல் ஒன்று தட்டையாக வாசிக்கும்.

இப்போது அந்தக் குரல் வீட்டில் இருந்தது. தொண்டையில் இல்லை.

புதன்கிழமை அரை மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. அதற்குள் யோகலிங்கம் நித்திரையாகியிருந்தார். கௌசலா கொம்பியூட்டரைப் போட்டாள். அது வழமையைவிட நேரமெடுத்து எழும்பியது. இது ஒருநாள் இப்படியே கறுத்து எழும்பாமல் விட்டால் அந்த முந்நூற்றுப் பதினாறு சொல்லும் போய்விடும். மஸாஹிர் தனக்குப் பக்திப் பாட்டுப் போட்டுத் தந்த பென் டிரைவை எடுத்துக் கொழுவி, குரல்கள் இருந்த ஃபோல்டர்ப் பெட்டியை அப்படியே அதற்குள் போட்டுவைத்தாள். அதைக் கழற்றி அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தாள்.

வியாழக்கிழமை காலையில் மெனுவைத் திறந்து 'பேச்சு' படத்தை அமத்தினாள். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. நின்றது. வேறொன்றும் நடக்கவில்லை. மறுபடி அமத்தினாள். வட்டம் சுற்றியது, நின்றது. கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். மற்றதெல்லாம் திறந்தது. பாட்டுத் திறந்தது, படம் திறந்தது, நாள்காட்டி திறந்தது. அது மட்டும் திறக்கவில்லை.

"கரண்ட் போய் எதையோ சுட்டுப்போட்டுது போல" என்று அவரிடம் சொன்னாள். "மஸாஹிர்த் தம்பிக்குச் சொல்லி விடுறன்."

சொல்லி விடவில்லை.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் கமலாசனி வந்து இறங்கினாள். யோகலிங்கத்தின் ஒரே அக்கா. உடையார்கட்டில் மகனோடு இருப்பவள். அறுபத்திரண்டு வயதிலும் தானே தண்ணீர் அள்ளி மரவள்ளி வைக்கிறவள். கையில் ஒரு பை நிறையக் கீரையும் கருணைக்கிழங்கும் கொண்டுவந்திருந்தாள். வந்ததும் வாசலில் கால் கழுவி, நேரே தம்பியின் கட்டிலடிக்குப் போய் அவருடைய தாடையைத் தடவினாள்.

"எலும்பாப் போனியேடா."

யோகலிங்கம் அவளைப் பார்த்தார். கண் கலங்கியது. அவருக்கு இப்போதெல்லாம் எதற்கும் கண் கலங்கும். அதுவும் அந்த நோயின் ஒரு பகுதிதான்.

குசினியில் கீரையை ஆய்ந்துகொண்டே கமலாசனி விசாரித்தாள். போன கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதைக் கௌசலா சொன்னாள். விழுங்குவது குறைந்துவிட்டது. இனி வயிற்றில் ஒரு துளை போட்டுக் குழாய் வைத்தால்தான் சாப்பாடு உள்ளே போகும். இப்போதே மூச்சுக் குறைந்துகொண்டு வருகிறது. இன்னும் பிந்தினால் அந்தச் சத்திரசிகிச்சையை உடம்பு தாங்காது. வைத்தால் ஒரு வருசமோ அதற்கு மேலோ. வைக்காவிட்டால் வீட்டிலேயே நோகாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கும் வழி இருக்கிறது. எது என்றாலும் அவர்தான் சொல்ல வேண்டும், திங்கட்கிழமை கேட்டுக்கொண்டு வாருங்கோ என்று அனுப்பியிருந்தார்.

"பிறகென்ன, வைக்கிறதுதானே?"

கௌசலா அடுப்பை ஊதினாள். "அவருக்கு விருப்பமில்லை மச்சாள்."

"அவன் சொன்னவனோ?"

"சொல்ல வெளிக்கிட்டவர். அதுக்குள்ள கரண்ட் போட்டுது."

"என்னெண்டு வெளிக்கிட்டவன்?"

"குழாய் எண்டு எழுதினவர். பிறகு 'வே' எண்டு எழுதினவர்."

கமலாசனி கீரையைக் கீழே வைத்தாள். "அப்ப வேணும் எண்டல்லோ எழுத வெளிக்கிட்டிருக்கிறான்!"

"வேண்டாம் எண்டுறதுக்கும் அந்த எழுத்துத்தான் மச்சாள்."

"அது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நாலு வருசமா அவரின்ரை கண்ணைப் பாத்துத்தானே சீவிக்கிறன். பக்கத்து வயல் பரமலிங்கத்தாருக்குக் குழாய் வச்சு வந்த நேரம் பாக்கப் போட்டு வந்து சொன்னவர், வாயால ருசி பாக்காத சீவியம் என்ன சீவியம் எண்டு. மீன் குழம்பு ஒரு நாளைக்கு இல்லையெண்டாலும் சட்டியை உருட்டின மனிசன்."

"அது கையும் காலும் ஓடித் திரிஞ்ச நேரம் சொன்னது. சாவு கிட்ட வந்து நிக்கேக்க மனிசருக்கு வேறை மாதிரியெல்லோ வரும்." கமலாசனியின் குரல் ஏறியது. "நீ குறை நினைக்காதை கௌசலா. நீ படுற பாடு எனக்குத் தெரியும். ஆனா உன்ரை களைப்பை அவன்ரை வாயில வையாதை."

கௌசலாவுக்கு முகம் எரிந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொள்ளலாம். எழும்பிப்போய் கிணற்றடியில் முகத்தைக் கழுவினாள்.

பின்னேரம் கமலாசனி தம்பியின் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, அவரிடமே கேட்டாள். கண்ணை ஒருக்கால் மூடினால் ஓம், இரண்டு தரம் மூடினால் இல்லை என்பது வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

"தம்பி, அக்கா கேக்கிறன். குழாய் வைக்கட்டோ? ஓம் எண்டா ஒருக்கால் மூடு."

யோகலிங்கம் கண்ணை மூடினார். மூடியவர் திறக்கவில்லை. கமலாசனி காத்திருந்தாள். ஒரு நிமிசம் கழித்துத் திறந்தார். அக்காவைப் பார்க்கவில்லை. கொம்பியூட்டரைப் பார்த்தார்.

"மூடினவன்!" என்றாள் கமலாசனி.

"அது பதில் சொன்னதில்லை மச்சாள். கேக்காதை எண்டுறார்."

"நீ ஏன் எல்லாத்தையும் உன்ரை பக்கத்துக்கே திருப்புறாய்?"

கௌசலாவும் கேட்டுப் பார்த்தாள். "வேண்டாம்தானே?" அவர் அதற்கும் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மறுபடியும் கொம்பியூட்டர்ப் பக்கம். ஓமும் இல்லையும் போதாத ஏதோ ஒன்று அவருக்குள் இருந்தது. எழுத்து அட்டையைக் காட்டி ஒவ்வொரு எழுத்தாய்த் தொட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு பெண்களும் முந்திக்கொண்டு சொல்லை முடிக்கப் பார்த்ததில் அவர் களைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் போகவிட்டார்.

"அந்தச் சோனகப் பெடியனைக் கூப்பிட்டனியோ?" என்று கமலாசனி கேட்டாள்.

"மஸாஹிருக்குக் கடையில வேலை கூட மச்சாள். நாளைக்கு எடுக்கிறன்."

கமலாசனி அவளை உற்றுப் பார்த்தாள்.

*

சனிக்கிழமை விடியக் கௌசலா வயலுக்குப் போனாள். காலபோகம். கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்த நேரம். தை மாதத்து மழை இரண்டு நாளாய்த் தூறிக்கொண்டே இருந்தது. இந்த நேரத்து மழை ஆருக்கும் வேண்டாத மழை. கீழ்த் தட்டில் தண்ணீர் கூடி நின்றதால், குனிந்து மண்வெட்டியால் கழிவு வாயை வெட்டிவிட்டாள். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. இரவில் பன்றி வந்து போன தடம் வரம்போடு கிடந்தது. அந்தப் பக்கம் சாய்ந்த கதிர்களை அவள் நிமிர்த்திப் பார்த்தாள். நிற்கவில்லை.

மண்வெட்டியை ஊன்றி நின்றபோது, நேற்றுக் கமலாசனி சொன்னது மறுபடி வந்தது. உன்ரை களைப்பை அவன்ரை வாயில வையாதை.

களைப்புத்தான். ஐம்பத்தொரு வயது. இடுப்பு இரண்டாய்ப் பிளக்கிற மாதிரி நோகும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நாலு வருசமாய் ஒரு முழு நித்திரை இல்லை. ஒருநாள் அவரைக் குளிக்க வார்த்துக்கொண்டிருக்கும்போது, இது எப்ப முடியும் என்று ஒரு நினைப்பு வந்து, அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைத் தானே அடித்ததும் உண்டு. ஆனால் மஸாஹிரைக் கூப்பிடாததற்கு அதுவா காரணம்? இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த 'வே'க்குப் பிறகு வருகிற எழுத்துகளை அவருடைய சொந்தக் குரலில் கேட்கப் பயம். வேண்டாம் என்று அந்தக் குரல் ஒரு தரம் சொல்லிவிட்டால், பிறகு கஞ்சிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் எப்படி இருப்பது? அது திறக்காமல் கிடக்கும் வரைக்கும் அவர் இன்னும் சொல்லவில்லை. அவ்வளவுதான். இந்த மூன்று நாளும் அவளுக்கு அது தேவையாயிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கமலாசனி வாசலில் நின்றாள். கோபம் போயிருந்தது.

"விடிய இருந்து அதைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறான், கௌசலா. அந்தக் கறுத்த பெட்டியை. எனக்குப் பாக்கேலாமல் கிடக்கு."

கௌசலா காலில் சேற்றோடே உள்ளே போய் எட்டிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

*

மஸாஹிர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மோட்டர்சைக்கிளில் வந்தான். மழைச் சட்டையைக் கழற்றி வாசல் கம்பியில் போட்டுவிட்டு, "அண்ணன், எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டபடி யோகலிங்கத்தின் கையைப் பிடித்தான். பதிலை எதிர்பார்க்காமல், ஆனால் பதிலுக்கு வேண்டிய நேரம் விட்டு நின்றான். பிறகு மேசைக்கு வந்தான்.

கௌசலா காட்டினாள். படத்தை அமத்தினாள். வட்டம் சுற்றியது, நின்றது.

"எத்தனை நாளா இப்படி?"

"வியாழக்கிழமையில இருந்து. கரண்ட் போனதோட."

"கரண்ட் போய் இது ஒண்டு மட்டும் போறது குறைவு, அக்கா. பாப்பம்."

அவன் ஒரு கறுப்புச் சதுரத்தைத் திறந்தான். அதில் வெள்ளை எழுத்துகள் ஓடின. "மெனுவில அமத்தினா, பிழை எதுவும் சொல்லாமல் அது செத்துப் போகும். இதில கூப்பிட்டா, ஏன் வரமாட்டேன் எண்டு சொல்லித்தான் ஆகோணும்" என்றான். ஏதோ தட்டினான். உடனே ஒரு வரி வந்தது. அவன் நெற்றியைச் சுருக்கினான்.

"என்ன சொல்லுது, தம்பி?" என்று கமலாசனி கேட்டாள்.

"நான் சொன்ன இடத்தில அப்படி ஒண்டும் இல்லையாம். மெனுவில நாங்க அமத்திறமே, அது புறோகிராம் இல்லையம்மா. அது ஒரு துண்டு. எந்த வீட்டில போய் ஆரை எழுப்பிக்கொண்டு வாறது எண்டு எழுதின துண்டு மட்டும்தான்." துண்டைத் திறந்து காட்டினான். பத்துப் பன்னிரண்டு வரிகள். "துண்டு சரியாத்தான் இருக்கு. விலாசமும் சரி. வீட்டைத்தான் காணேல்லை."

அவன் அந்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. குப்பைக்குள் தேடினான். முழுக் கொம்பியூட்டரையும் தேடவிட்டான். புறோகிராமும் குரல்களும் ஒன்றாய் இருந்த அந்தப் பெட்டி எங்கும் இல்லை.

"அந்தக் குரல் எல்லாம் அதுக்குள்ளதானே இருந்தது?" என்றாள் கமலாசனி. "அழிஞ்சு போட்டுதோ?"

மஸாஹிர் திரையைப் பார்த்தான். "என்னட்ட ஒரு பிரதி இருந்தது. போன வருசம் கடைக்குள்ள தண்ணி வந்ததில அந்த டிஸ்க் போட்டுது. நான் திரும்ப எடுத்து வச்சிருக்கோணும். என்ர பிழை."

கட்டிலில் யோகலிங்கம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்குப் புதன்கிழமை பின்னேரம் ஞாபகம் வந்தது.

அறைக்குள் போய், சேலைகளுக்குக் கீழே கையை விட்டு, பென் டிரைவை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

மஸாஹிர் கொழுவிப் பார்த்தான். பக்திப் பாட்டுகளுக்குக் கீழே அந்தப் பெட்டி இருந்தது.

"நான் பிரதிதான் எடுத்தனான்" என்றாள் கௌசலா.

"இல்லையக்கா. 'வெட்டு' எண்டதை அமத்தியிருக்கிறீங்க. 'நகலெடு' அதுக்குக் கீழ இருக்கு. ரெண்டும் பக்கத்தில பக்கத்தில." அவன் மெதுவாகச் சொன்னான். "ஆருக்கும் வாற பிழை."

"ஏன் எடுத்தனி?" என்றாள் கமலாசனி.

கௌசலா யோகலிங்கத்தைப் பார்த்தாள். அவர் கண்கள் அவளில் நின்றன. பொய் சொல்ல இடமில்லை.

"பிறகு இல்லாமல் போடும் எண்டு பயந்தனான். குரலாவது மிஞ்சட்டும் எண்டு. நீங்கள் இருக்கேக்கயே அதை எடுத்து ஒளிச்சு வச்சிட்டன். எனக்குத் தெரியாது, இது இதால நிக்குமெண்டு. ஆனா நிண்ட பிறகும் தம்பியைக் கூப்பிடேல்லை. வேணுமெண்டுதான் கூப்பிடேல்லை. நீங்கள் சொல்லுறதைக் கேக்க எனக்குப் பயமாக் கிடந்தது."

யோகலிங்கம் ஒருக்கால் கண்ணை மூடித் திறந்தார்.

மஸாஹிர் பெட்டியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தான். பென் டிரைவில் இருந்ததை அழிக்காமல் அப்படியே விட்டான். மெனுவைத் திறந்து படத்தை அமத்தினான்.

வட்டம் சுற்றியது. நின்றது.

"இன்னும் என்ன?" என்று கமலாசனி பெருமூச்சு விட்டாள்.

"பொறுங்கம்மா." மறுபடியும் கறுப்புச் சதுரம். மறுபடியும் ஒரு வரி. இந்த முறை அவன் சிரித்தான். "இப்ப வேற கதை சொல்லுது. இடம் இருக்காம், ஆளும் இருக்காம். எழும்ப அனுமதி இல்லையாம். பென் டிரைவுக்குள்ள போய் வந்ததில, இது ஓடுற சாமான் எண்ட அடையாளம் கழண்டு போட்டுது. வெறும் எழுத்து எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கு." ஒரு வரி தட்டினான். "இப்ப குடுத்தாச்சு."

படத்தை அமத்தினான். வட்டம் சுற்றியது. எழுத்துகள் வரிசை வரிசையாக வந்து நின்றன. மேலே மஞ்சள் வெளிச்சம் இறங்கத் தொடங்கியது.

*

கௌசலா பொத்தானை அவருடைய விரலுக்குக் கீழே வைத்தாள். மஸாஹிர் எழும்பி, "நான் வெளியில நிக்கிறன்" என்றான். யோகலிங்கம் உடனே விரலை அமத்தத் தொடங்கினார். முதல் சொல் அவருடைய சொந்தக் குரலில் வந்தது.

"தேத்தண்ணி."

ஆருக்கு என்று எல்லாருக்கும் விளங்கியது. வந்த ஆளுக்கு இன்னும் தேத்தண்ணி கொடுக்கவில்லை. கமலாசனி அழுகையும் சிரிப்புமாகக் குசினிக்கு ஓடிப்போய் இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவந்தாள். மஸாஹிர் கோப்பையோடு வாசலில் போய் இருந்தான்.

பிறகு அவர் எழுதினார். வெளிச்சம் இறங்கியது, நகர்ந்தது, நின்றது. 'குழாய்' என்று தட்டைக் குரல் வாசித்தது. அந்தச் சொல்லை ஆரும் பதிந்து வைக்கவில்லை. பிறகு 'வே'. திரையின் அடியில் அந்த எழுத்தில் தொடங்குகிற சொற்கள் வரிசையாக வந்தன. வேண்டாம், வேணும், வேலை, வேளை. மஞ்சள் வெளிச்சம் முதலாவது சொல்லில் போய் நின்றது.

ஒவ்வொரு சொல்லிலும் அது இரண்டு செக்கன் நிற்கும். கௌசலா அவருடைய விரலைப் பார்த்தாள். அது அசையவில்லை. வெளிச்சம் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. விரல் அமத்தியது.

"வேணும்."

சொந்தக் குரல். இரண்டு வருசத்துக்கு முந்திய குரல். நாக்குத் தடித்திருந்தாலும் உறுதியாகத்தான் இருந்தது. 'தண்ணி வேணும்', 'போர்வை வேணும்' என்பதற்காகப் பதிந்த சொல்.

"பாத்தியே! நான் சொன்னனான்" என்று தொடங்கிய கமலாசனி, கௌசலாவின் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டாள்.

கௌசலா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நாலு வருசமாய்ப் பார்த்த கண். அதில் இல்லாத ஒன்றைத்தான் இவ்வளவு நாளும் வாசித்திருக்கிறாள். அவர் இருக்க ஆசைப்பட்டுக்கொண்டு கிடக்க, அவள் அவரை வழியனுப்பத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள். சந்தோசம் வரவேண்டும் என்று தெரிந்தது. முதலில் வந்தது வெட்கம். அதற்குப் பின்னால், அதை மறைக்க முடியாதபடி, இன்னுமொரு வருசமா என்ற மலைப்பு.

"அவன் இன்னும் எழுதுறான்" என்று கமலாசனி மெல்லச் சொன்னாள்.

எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆறு ஏழு நிமிசம் ஆகியிருக்கும். ஒருவரும் இந்தமுறை சொல்லை முந்திக்கொண்டு முடிக்கப் பார்க்கவில்லை. வெளியில் மஸாஹிர் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. யோகலிங்கம் கடைசி எழுத்தை அமத்தினார். தட்டைக் குரல் வாசித்தது.

"உனக்கு ஏலுமோ."

கௌசலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஓமென்றோ இல்லையென்றோ அவர் கண்ணை மூடாமல் இருந்தது இதற்காகத்தான். இவளைக் கேட்காமல் ஒரு பதில் சொல்ல அவருக்கு மனமில்லை. கேட்கிறதற்கு அந்தக் கறுத்த பெட்டி தேவைப்பட்டிருக்கிறது.

"ஏன் ஏலாது?" என்று கமலாசனி சொன்னாள். "நாங்கள் எல்லாரும் இருக்கிறம்தானே..."

"மச்சாள், என்னைத்தான் கேக்கிறார்."



கௌசலா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். சொன்னால் அவரால் ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியும். இடையில் குறுக்கிட மாட்டார். அவள் ஒருபோதும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

"இஞ்சேருங்கோ, எனக்குச் சரியான களைப்பு. பொய் சொல்ல மாட்டன். இடுப்பு விட்டுப்போச்சு. சிலவேளை உங்களில கோவம் வாறது, வெளியில போய் நிண்டுபோட்டு வாறனான். இன்னுமொரு வருசம் ஏலுமோ எண்டு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா நீங்கள் இருக்க விரும்பிறியள் எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தா, களைப்பு இப்பிடி இருந்திராது. நான் உங்களைப் பிடிச்சு வச்சு வதைக்கிறன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு கிடந்தனான். ஒவ்வொரு கரண்டிக்கும். நாளைக்குப் போவம். ஏலாமல் வந்தா வாய் விட்டுச் சொல்லுவன். அப்ப நீங்கள் கோவிக்கக் கூடாது."

யோகலிங்கத்தின் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை எழும்பாதவரின் கண்ணீர் காதுக்குள் போகும். கௌசலா துடைத்துவிட்டாள்.

கமலாசனி எழும்பி யன்னலடிக்குப் போனாள். வெளியே பார்த்துக்கொண்டு, ஆருக்கும் சொல்லாத மாதிரிச் சொன்னாள். "இந்தப் போகம் முடியுமட்டும் நான் இஞ்ச நிக்கிறன். ராவையில திருப்பிறதை நான் பாக்கிறன். மரவள்ளிக்கு மகன் தண்ணி விடட்டும்." பிறகு, "நான் கதைச்சதை மனசில வையாதை, கௌசலா" என்றாள்.

"நீங்கள் சொன்னது பொய்யில்லை மச்சாள்."

மஸாஹிர் போகும்போது பென் டிரைவை எடுத்துக் கௌசலாவின் கையில் கொடுத்தான். "இது இப்ப பிரதி. இருக்கட்டும். கடையிலயும் ஒண்டு வச்சுக்கொள்ளுறன். அண்ணன்ட சொல்லும் இன்னும் கொஞ்சம் சேர்க்கோணும். 'குழாய்' எண்டதை நாங்க பதியாமல் விட்டிட்டம்." சொன்ன பிறகுதான் அது இனி முடியாது என்பது அவனுக்கு உறைத்தது. மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சைகையால் விடைபெற்று, மோட்டர்சைக்கிளை எடுத்தான்.

*

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாடகைக்குப் பிடித்த வானின் பின் இருக்கையை மடக்கி மெத்தை போட்டு, தலையைக் கமலாசனியின் மடியிலும் காலைக் கௌசலாவின் மடியிலும் வைத்துக்கொண்டு வந்தார்கள். கொம்பியூட்டரைக் கொண்டுவர முடியவில்லை. வாட்டில் இருந்த கட்டில்களில் ஒன்றைத் துணியால் மறைத்துக் கொடுத்தார்கள்.

டொக்டர் வந்தார். வயதில் சின்னவர். கையில் கடதாசிகள். யோகலிங்கத்தின் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். ஒரு குழலை வாயில் வைத்து ஊதச் சொன்னார், ஊத முடியவில்லை, குறித்துக்கொண்டார். பிறகு கௌசலாவின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களோ அம்மா? என்ன முடிவு?"

கௌசலா வாயெடுத்தாள். கமலாசனி முந்திக்கொண்டாள். "கௌசலா சொல்லுறதுதான் டொக்டர். அவா சொன்னா அது அவன் சொன்ன மாதிரி. எழுதிக்கொள்ளுங்கோ."

மூன்று நாளைக்கு முன் குசினியில் அவ்வளவும் கதைத்த மனுசி அதைச் சொன்னபோது கௌசலாவுக்கு நெஞ்சு இளகியது. தலையை ஆட்டினாலே போதும். டொக்டர் பேனையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லை டொக்டர்" என்றாள். "அவரையே கேளுங்கோ. கண்ணை ஒருக்கால் மூடினா ஓம், ரெண்டு தரம் மூடினா இல்லை. கொஞ்ச நேரம் எடுப்பார். அவசரப்படுத்தாதேங்கோ."

டொக்டர் கடதாசிகளைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குனிந்தார். செய்யப்போவது என்ன, வலி எவ்வளவு, ஆபத்து என்ன என்று ஒவ்வொன்றாக விளக்கிவிட்டுக் கேட்டார்.

கௌசலா கட்டிலைச் சுற்றி வந்து தலைமாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பதில் சொல்லும்போது யோகலிங்கம் தன் முகத்தைப் பார்க்க வேண்டியிராத இடம் அது.